அணைத்துப் பற்றவைத்த சுருட்டு

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த தம்பி ஒருவர் ஒரு சுருட்டுப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தார். வரும் வழியில் விமான நிலையக் கடையில் வாங்கியதாம். பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. சுருட்டின் முழு ருசியையும் பெறுவது எப்படி என்று அதில் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். தம்பி அதைப் படித்துத் தமிழில் சொன்னார்.

முனையைக் கூரான கத்தியால் ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். தீயை நேராகக் காட்டாமல், சுருட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பற்றவைக்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயில் நிறுத்தி நாக்கில் படவிட்டு வெளியே விட வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இழுக்கக் கூடாது. வேகமாக இழுத்தால் நெருப்பு சூடேறிப் புகை கசந்துவிடும். சாம்பலை அடிக்கடி தட்டக் கூடாது. நன்றாகச் சாப்பிட்ட பிறகு, சாய்ந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குடிக்க வேண்டும். கடைசியாக ஒன்று: நடுவில் அணைத்துவிட்டுப் பிறகு பற்றவைக்கக் கூடாது, ருசி கெட்டுவிடும்.

சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். இளவயதில் பண்ணையாளாக இருந்தவர்.

"கடைசில சொன்னத இன்னொரு மட்டம் சொல்லு தம்பி" என்றார்.

தம்பி சொன்னார். பெரியவர் சிரித்தார்.

"அப்பம் எங்கப்பா ஒரு நாளும் சுருட்டோட ருசியப் பாக்கலன்னு சொல்லு. பண்ணையாரு வரப்புல வருதாருன்னு தெரிஞ்சா அணைச்சுக் காதுல சொருகிருவாரு. அவரு போன பொறவு பத்தவப்பாரு. மறுபடி யாராச்சும் வருவாவ, மறுபடி அணைப்பாரு. ஒரு சுருட்டுக்கு மூணு நாலு வாட்டி. நானும் அப்படித்தாம் குடிச்சேன். கசக்கும்லா? அந்தக் கசப்புதாம் சுருட்டோட ருசின்னுல்லா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. சுருட்டைப் பற்றி உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். எந்த நாட்டு இலை உயர்ந்தது, எந்த மதுவோடு எது சேரும் என்றெல்லாம் புத்தகங்கள் இருக்கின்றன. யார் யாருக்கு முன்னால் அதை அணைக்க வேண்டியிருந்தது என்று எழுதியவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

நம் சொல், வந்த இலை

புகையிலை நம் மண்ணில் பிறந்த செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் பயிரிட்டு, புகைத்து, மருந்தாகவும் சடங்காகவும் வைத்திருந்த இலை அது. 1492-ல் கொலம்பஸ் அங்கே போன பிறகு ஐரோப்பியர் கைக்கு வந்தது. இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். 1617-ல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை போட்டார் என்றால், அதற்குள் அது எவ்வளவு பரவியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் கரையில் பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் இருந்தார்கள். ஆகவே நம் பள்ளத்தாக்கு புகையிலைக்கு அந்நியமாக ரொம்ப நாள் இருந்திருக்க முடியாது.

இலை வெளியிலிருந்து வந்தாலும் பெயர் நம்முடையது. சுருட்டுவதால் சுருட்டு. இந்தச் சொல்லைத்தான் போர்த்துக்கீசியர் 'சருட்டு' என்று எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர் 'செரூட்' என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் போர்த்துக்கீசிய மொழியில் சுருட்டுக்கு அதுதான் பெயர். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு லண்டன் வரை போனது. 1887-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். திண்டுக்கல் சுருட்டை வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெட்டியில் அடைத்து வியாபாரம் செய்தன. ஊரின் பெயர் உலகம் சுற்றியது. சுற்றிய கைகளின் பெயர் எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை.

ருசி எங்கே உண்டாகிறது

ருசி என்பது புகைப்பவரின் நாக்கில் தொடங்குவதாகத்தான் அந்தத் தாள் சொல்கிறது. உண்மையில் அது பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பறித்த இலையைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பிறகு அம்பாரமாக அடுக்கிப் புழுங்க வைக்கிறார்கள். குவியலின் நடுவே தானாகவே சூடு ஏறும். சூடு அளவு மீறினால் இலை வெந்து கெட்டுப்போகும், குறைந்தால் பச்சை வாடை போகாது. அதனால் நாள் கணக்குப் பார்த்து அம்பாரத்தைப் பிரித்து, உள்ளிருப்பதை வெளியேயும் வெளியிருப்பதை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். இப்படிப் புழுங்கும்போதுதான் அம்மோனியா வெளியேறி, காரலும் கசப்பும் குறைந்து, இலைக்கு மணம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக்குக் 'கோடா' என்ற இனிப்புப் பாகு காட்டுவார்கள். தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலைக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம்.

அந்த அம்பாரத்தைப் பிரிக்கிறவர் மூச்சில் போவதும் அதே அம்மோனியாதான். ஈர இலையைத் தொட்டு வேலை செய்கிறவரின் தோல் வழியாகவே நிகோட்டின் உடம்பில் ஏறும். தலை சுற்றும், வாந்தி வரும். ஒரு சுருட்டுகூடக் குடிக்காமலே புகையிலையின் நஞ்சை வாங்கிக்கொள்ளும் உடம்பு அது. சுருட்டுக்காரர் ருசிக்கும் மென்மை, வேறொருவர் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்ட காரத்தின் மறுபக்கம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1619-ல் ஆப்பிரிக்கர்களை முதன்முதலாகப் பிடித்துக் கொண்டுபோய் இறக்கிய வர்ஜீனியா, புகையிலை பயிரிட்டுப் பணம் பார்த்த குடியேற்றம். சுருட்டுக்குப் பெயர்போன கியூபாவில் 1886 வரை அடிமைமுறை இருந்தது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த இரண்டு அடிமைத்தனத்தையும் அவர் ஒரே கண்ணால் பார்த்தார். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரப்பில் ஒரு சட்டம்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த பூமி. நஞ்சை நிலம் கோயில்களுக்கும் மடங்களுக்கும் பார்ப்பன, வேளாள மிராசுகளுக்கும் சொந்தமாக இருந்தது. அதில் இறங்கி உழைத்தவர்கள் பள்ளரும் பறையரும். பண்ணையின் கவலைக்கும் கமலைக்கும் தோலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். 1843-ன் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்றம் துணை நிற்காது என்றது. 1860-ல் இயற்றிய தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. காகிதத்தில் இவ்வளவு நடந்தும் வரப்பில் வேறு சட்டம் நடந்தது. ஆண்டை எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், செருப்பு கைக்குப் போக வேண்டும், சுருட்டு அணைய வேண்டும்.

பக்கத்து ராமநாதபுரத்தில் 1930-ல் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்று போகும் பட்டியல் அது. ஹட்டன் என்ற வெள்ளை அதிகாரி தன் நூலில் பதிந்ததால் அது இன்றும் நம் கையில் இருக்கிறது. சுருட்டைப் பற்றிய விதியை நம் பெரியவர்களின் பேச்சில்தான் கேட்கிறோம்.

"பெரியவர்களுக்கு முன்னால் புகைக்காதது தமிழர் மரியாதை, இதில் சாதி எங்கே வந்தது?" என்று சிலர் கேட்பார்கள். சரி, மரியாதைதான். அப்படியானால் வயதில் மூத்தவர் முன்னால் இளையவர் அணைக்க வேண்டும். அறுபது வயதுப் பண்ணையாள், பண்ணையாரின் பதினாறு வயது மகனுக்கு முன்னால் அணைத்தாரே, அது எந்த மரியாதை? அந்தப் பையன் அதே வரப்பில் நின்று இவர் முகத்துக்கு நேராகப் புகைவிடலாம். அவனைப் பெயர் சொல்லி அழைக்கக்கூட இவருக்கு உரிமை இல்லை. மரியாதை வயதுக்கு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

தாளில் கண்ட விதிகளை இந்த வரப்பில் வைத்துப் படித்துப் பாருங்கள். வயிறு நிறைந்த பிறகு குடி என்கிறது தாள். நிகோட்டின் பசியை மந்தமாக்கும்; நம் ஆட்கள் பசியை மறக்கத்தான் குடித்தார்கள். சாய்ந்து உட்கார் என்கிறது. உட்காருவதே குற்றமாக இருந்தது. மெதுவாக இழு என்கிறது. யார் வருவார்களோ என்று பார்த்துக்கொண்டே குடிப்பவன் அவசர அவசரமாகத்தான் இழுப்பான். நடுவில் அணைக்காதே என்கிறது. அணைந்த சுருட்டில் எரிந்த கரியும் ஆறிய புகையின் பிசினும் இலையிலேயே தங்கிவிடுவதால், மறுபடி பற்றவைத்தால் கசப்பு இரண்டு மடங்காகும். பெரியவரின் அப்பா குடித்தது அதைத்தான். அவர் கையில் இருந்த இலையும் பண்ணையார் கையில் இருந்த இலையும் ஒரே கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும். ருசி ஒன்றாக இருந்திருக்காது. நடுவில் சாதி நின்றது.

சாமி குடித்த சுருட்டு

ஆளுக்கு மறுத்ததை நம் மக்கள் சாமிக்குக் கொடுத்தார்கள். நெல்லைச் சீமையில் சுடலைமாடன் இல்லாத ஊர் குறைவு. கொடை விழாவில் வில்லுப்பாட்டு முழங்க, சாமத்தில் படையல் போடும்போது இறைச்சியோடும் சாராயத்தோடும் சுருட்டும் இருக்கும். அருள் வந்து ஆடும் கோமரத்தாடி சுருட்டைப் பற்றவைத்து இழுப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் அணை என்று சொல்ல முடியாது. எதிரே பண்ணையாரே நின்றாலும் சரி. பகலில் காதில் சொருகிய சுருட்டு அந்த இரவில் கடைசி வரை எரிந்தது.

பாபநாசத்துக்கு மேலே காரையாறில், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்தய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயன் என்று கும்பிடப்படுபவர் முத்துப்பட்டன். பார்ப்பனராகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனார் தொழிலான செருப்புத் தைப்பதையே தன் தொழிலாக்கிக்கொண்டு, கிடை மாடுகளைக் காக்கும் சண்டையில் செத்தவர். அவர் கதையை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். இன்றும் அவருக்குக் காணிக்கை தோல் செருப்புதான். எந்தச் செருப்பைத் தெருவில் போடக் கூடாது என்றார்களோ, அந்தச் செருப்பைச் சாமியின் முன்னால் தொங்கவிட்டு எல்லாச் சாதியும் கும்பிடுகிறது.

இதை விடுதலை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கொடை முடிந்த மறுநாள் காலையில் அதே கோமரத்தாடி அதே வரப்பில் துண்டை இறக்கினார். ஆனால் எது தங்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று நம் முன்னோர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. செருப்பும் சுருட்டும் சாமியின் முன்னால் இருப்பது அதற்குச் சாட்சி.

சுளகில் நகர்ந்த புகையிலை

இருபதாம் நூற்றாண்டில் சுருட்டின் இடத்தைப் பீடி பிடித்தது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் என்று தாமிரபரணியும் சிற்றாறும் பாயும் ஊர்களில் மடியில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்தார்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே மாவட்டம்தான். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் ஆதிவாசிகள் பறிப்பது. தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் வருவது. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டுவது நம் ஊர்ப் பெண்கள். இஸ்லாமியர், நாடார், தேவர், தலித் எல்லாரும் சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் சரியில்லை என்று கழித்துப் போட்டால் அந்த உழைப்பு அதோடு போச்சு.

பீடித் தட்டு எங்கள் பெண்களுக்கு ஒரு வகையில் உதவியும் இருக்கிறது. பண்ணையார் வயலுக்குப் போய்க் கைகட்டி நிற்காமல் வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்க முடிந்தது என்று எங்கள் அம்மாக்கள் சொல்வார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே வீடு அவர்களைத் தனித்தனியாகப் பிரித்தும் போட்டது.

ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பங்கு போட்டு ஒருவரை வாசிக்க வைப்பார்கள். அவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் படிக்க, மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுச் சுற்றுவார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் இப்படிப் பத்திரிகை வாசித்தார்கள். கண்ணூர்ப் பீடிக் கூடங்களிலும் வாசித்தார்கள். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி நடக்க மனமில்லாத முதலாளிகள் கண்ணூரில் கூடங்களை மூடினார்கள். வேலை இழந்தவர்கள் கலைந்துபோகவில்லை. 1969-ல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து ஒரே செய்தியைக் கேட்டவர்களால் அது முடிந்தது.

நம் பள்ளத்தாக்கில் அந்தக் கூரை இல்லை. 1966 சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. ஆனால் குடிதண்ணீர், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம், வேலை நேரக் கட்டுப்பாடு எல்லாம் தொழிற்கூடத்துக்குத்தானே? தொழிற்கூடமே இல்லாமல் வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தண்ணீர் அவரவர் குடம், கழிப்பறை அவரவர் பாடு, காப்பகம் பாட்டி மடி. 2020-ல் நாடாளுமன்றம் 13 தொழிலாளர் சட்டங்களை ஒரே தொகுப்பாக்கியபோது இந்தச் சட்டமும் அதில் கரைந்துபோனது. அதைப் பற்றி முக்கூடலில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? வாசித்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

தேயிலைக்கும் இதே கதைதான். மாஞ்சோலைத் தேநீரின் மணத்தைப் பாராட்டியவர்கள் உண்டு. அதைப் பறித்தவர்கள் கூலி கேட்டு 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் வந்தபோது நடந்த போலீஸ் தடியடியில் 17 பேர் இதே தாமிரபரணியில் செத்தார்கள். நம் ஆற்றுத் தண்ணீரின் ருசியைப் பேசும்போதும் அந்த 17 பேரை விட்டுவிட்டுப் பேச எங்களால் முடிவதில்லை.

எங்கள் நிலை

நாங்கள் யாரையும் புகைக்கச் சொல்லவில்லை. வாய்ப்புற்றும் நெஞ்சுச் சளியும் நம் தெருக்களில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். புகையிலை ஒழிய வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஒழியும்போது சுளகை மடியில் வைத்திருக்கும் பெண் எங்கே போவாள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-வது பிரிவு, புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் தேடித்தர அரசுகள் துணைநிற்க வேண்டும் என்கிறது. பெட்டியின்மேல் எச்சரிக்கைப் படம் போட்ட வேகத்தில் பாதியாவது இதில் காட்டலாம். அதுவரை, சுற்றும் கைக்குச் சரியான கூலியும் வைத்தியமும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு எங்கள் பெண்கள் எவர் வாசலிலும் துண்டை இறக்கி நிற்க மாட்டார்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலையும்போது தம்பி ஒரு சுருட்டை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினார். அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். டாக்டர் விடச் சொல்லிப் பல வருஷம் ஆகிறதாம்.

"நல்ல மணமாத்தான் இருக்கு. நீ குடிக்கணும்னா குடி. விடணும்னா நீயா விடு, அதுதாம் நல்லது. எவனுக்கும் பயந்து மட்டும் அணைக்காத" என்றார்.